பரணில் இருந்த பைகள்

அறுபத்தைந்தோ அறுபத்தாறோ, வருஷம் சரியாக நினைவில்லை. சித்திரை மாதம். பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, அம்மாவுக்கும் நைனாவுக்கும் ஒத்தாசையாக இருக்கலாம் என்று பத்து நாள் செஞ்சிக்குப் போயிருந்தேன். அம்மாவுக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. நைனாவுக்கு முட்டிவலி. கடிதத்தில் மட்டும் இரண்டு பேரும் சௌக்கியமாகவே இருப்பார்கள்.

நுழைந்ததுமே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. பித்தளைப் பாத்திரமெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது. பருப்பு டப்பாவில் பாதி வண்டு. கோட்டை மலை பகலில் வாங்கிய வெயிலைச் சாயங்காலம் எங்கள் தெருப்பக்கம்தான் விடும். அந்த வெக்கையில் தண்ணீர் இறைத்து, தேய்த்து, கழுவி, மூன்று நாள் நான் வாயை மூடவில்லை. வேலையும் செய்ய வேண்டும், அதைச் சொல்லிக்காட்டவும் வேண்டும். என் குணம் அப்படி.

என்னைத் தொடவிடாமல் அம்மா வைத்துக்கொண்டது தையல் மிஷினை மட்டும்தான். பஜாரில் நைனாவுக்குச் சின்ன ஜவுளிக்கடை. மீந்த துண்டுத் துணிகளில் அம்மா பை தைப்பாள். அமாவாசைக்கு அமாவாசை நைனா அவற்றை மூட்டை கட்டி ஸ்பெஷல் பஸ்ஸில் மேல்மலையனூர் கோயிலுக்குக் கொண்டுபோவார். தேங்காய் பழம் வாங்குகிற கூட்டத்தில் பைக்குக் கிராக்கி உண்டு. மறுநாள் வந்து எல்லாம் விற்றுவிட்டதாகச் சொல்வாராம். "கண்ணு போனா இன்னா, கை இருக்குதே" என்று அம்மா என்னிடம் இரண்டு முறை சொல்லிவிட்டாள். தினமும் காலையில் மிஷினுக்கு நூல் கோர்த்துக் கொடுத்துவிட்டுத்தான் நைனா கடைக்குப் போவார். அதைப் பார்த்தும் நான் ஒன்றும் யோசிக்கவில்லை.

நாலாம் நாள் பரணைச் சுத்தம் செய்ய ஏறினேன். பழைய பாய்ச் சுருளுக்குப் பின்னால் இரண்டு மூட்டைகள். அவிழ்த்தால் பைகள், எல்லாம் புதுசு. ஒன்றில் வாயையே தைத்து மூடியிருந்தது. இன்னொன்றில் கைப்பிடி இரண்டும் ஒரே பக்கம். சிலவற்றில் தையல் துணியை விட்டே வெளியே ஓடியிருந்தது.

கொஞ்சம் நிதானித்திருந்தால் விளங்கியிருக்கும். நான் மூட்டையைக் கீழே தள்ளி, "இன்னாம்மா இது, பை வாயெல்லாம் தச்சு மூடியிருக்குது? இத்தினி பையையும் வீணாக்கி பரண்ல போட்டு வச்சிருக்கீங்களே" என்று கத்தினேன்.

அம்மா மிஷினை விட்டு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரம் முழுக்க விரலால் தடவினாள். விற்றுவிட்டதாக நைனா சொன்ன பைகள் இவை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மத்தியானம் சாப்பிட வந்த நைனா வாசற்படியிலேயே பைகளைப் பார்த்துவிட்டார். "போன அமாவாசைல மழ. கூட்டம் கம்மி. அதான் கொஞ்சம் மீந்துபோச்சு" என்றார்.

"பங்குனில மழையா?" என்றாள் அம்மா.

அவர் பைகளை அள்ளி மூட்டைக்குள் போட்டார். என்னை ஒன்றும் சொல்லவில்லை, திட்டியிருந்தால் தேவலை. அம்மா, "மிஷின்லேர்ந்து நூல எடுத்துடுங்க" என்றாள்.

அதன் பிறகு கூப்பிட்டால் சாப்பிட்டாள், சொன்னால் குளித்தாள். மற்ற நேரமெல்லாம் கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. அந்த வீட்டில் அவளுக்கென்று மிஞ்சியிருந்த ஒரே வேலையை, உதவிக்கென்று வந்த நான் பறித்துவிட்டேன்.

மூன்று நாள் உட்கார்ந்து பைகளைப் பிரித்துத் தைத்தேன். ஏழெட்டுப் பைகளில் ஒரு குறையும் இல்லை. நைனா ஒவ்வொன்றாக எடுத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார். அவற்றில் நான் கைவைக்கவில்லை.

நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் அமாவாசை. நைனா முட்டிவலியோடு மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். மறுநாள் காலையில் வெறும் மூட்டைத்துணியோடு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். "ஒண்ணு பாக்கி இல்ல. நீ தச்சதும் சேத்துத்தான் போச்சு" என்றார். அது அத்தனையும் நிஜம். நானும், "ஆமாம்மா, ஏழெட்டு அப்படியே நீ தச்சதுதான்" என்றேன்.

அம்மா மூட்டைத்துணியை வாங்கி நாலாக மடித்தாள்.

"இந்தத் தடவ எங்க ஒளிச்சு வச்சீங்க?" என்று கேட்டாள்.