டாக்டரம்மா நோட்டு கேட்டாங்க, நான் பேரீச்சம்பழத்தை மீட்டேன்!

இன்னிக்கு டாக்டரம்மா எதிர்ல உக்காந்து, இருவது நாளு தின்னதை ஒரு வாய் விடாம ஒப்பிச்சேன்!

(எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல மருமவ போன்ல தட்டுறா. சொந்தமா ஒரு வரி சேத்தாலும் படிச்சுக் காட்டச் சொல்லிப் புடிச்சிடுவேன்!)

கும்மிடிப்பூண்டி பேக்டரில வாட்ச்மேனா இருந்த நாள்லேர்ந்து பழவேற்காட்டு பாய் ஒருத்தர் எனக்குக் கூட்டாளி. வருசா வருசம் நோம்பு மாசத்துல ஒரு நாள் அவர் ஊட்டுல பேரீச்சம்பழமும் கஞ்சியும். இதுவரைக்கும் தவறினதில்ல.

இந்த வருசம் உடம்பெல்லாம் அரிப்பு, மூஞ்சி செவப்பு. ஒரே பேஜாரு!

"சில சாப்பாட்டுல இருக்கிற ஹிஸ்டமின்ங்கிற பொருள் ஒத்துக்கல போல, தாத்தா. காஞ்ச பழம் மேலதான் சந்தேகம். தினம் சாப்பிடறதை நோட்டுல எழுதிட்டு வாங்க, பாத்துட்டு நிறுத்திடலாம்"ன்னாங்க டாக்டரம்மா.

பாய் போன்லயே நக்கல். "இன்னா நைனா, இந்த வாட்டி என் ஊட்ல வெறும் தண்ணிதானா?"

அன்னிலேர்ந்து தின்னதையெல்லாம் மனசுலயே எழுதி வெச்சேன்.

இன்னிக்கு டாக்டரம்மாகிட்ட போனேன்.

"நோட்டு எங்க தாத்தா?"

"இங்கதாம்மா"ன்னு நெத்தியைத் தட்டினேன். சிரிச்சாங்க.

"மொத நாளு இட்லி, பேரீச்சம்பழம் ரெண்டு. அரிப்பு இல்ல. மறுநாள் மத்தியானம் கருவாட்டுக் கொழம்பு, சாய்ந்தரம் காஞ்ச மஞ்ச திராட்சை ஒரு பிடி. வெளக்கு வெக்கிறப்ப காது மடல் கொதிச்சுது..."

சிரிப்பு நின்னுது. அவங்களே பேனா எடுத்து எழுதுனாங்க! (எழுதத் தெரியாதவனுக்கு டாக்டரே கணக்கப்புள்ள!)

நடுவுல மடக்கிப் பாத்தாங்க. "ஒம்பதாம் நாள் மத்தியானம்?"

"முந்தின நாளு மீந்த மீன் கொழம்பு, சுட வெச்சது. அன்னிக்கு மூக்கு ஒழுகிச்சு."

எழுதினதைப் புரட்டிப் பாத்துட்டு சொன்னாங்க: "கருவாடு, பழைய மீன் கொழம்பு, கெடாம இருக்க மருந்து போட்ட மஞ்ச திராட்சை. இந்த மூணும் சாப்பிட்ட நாள்லதான் வருது. பேரீச்சம்பழம் மட்டும் சாப்பிட்ட நாள்ல ஒண்ணுமே இல்லையே!"

"அப்ப தின்னலாமா?"

"ரெண்டே ரெண்டு. கருவாடு கூடவே கூடாது."

(கருவாடு போறது துக்கம்தான். அது வேற பதிவு எழுதுற அளவுக்கு துக்கம்!)

நேரா பஸ் ஏறி பாய் ஊடு. நோம்பு தொறக்கிற நேரம். தட்டை நீட்டினாரு. ரெண்டு எடுத்தேன்.

"மூணாவது எடு நைனா, யாரு எண்ணப் போறாங்க?"

"நான்தான் பாய்! இனிமே எதையும் மறக்க முடியாத வியாதி எனக்கு."

தின்னு மூணு மணி நேரம் ஆச்சு. ஒரு அரிப்பு இல்ல!

(இது என் உடம்புக்கு. உங்க உடம்புக்கு டாக்டரைக் கேளுங்க.)

உங்க ஊட்ல எந்தச் சாப்பாடு மேல வீண்பழி விழுந்துது? எழுதுங்க, மருமவ படிச்சுக் காட்டுவா!