கிரீடமும் சிங்கமும் குத்திய காப்பு

ஜெர்மன்காரர் நகைக்கடையில் பொன் என்று வைத்திருப்பதை நான் ஒருநாளும் பொன் என்று ஒத்துக்கொண்டதில்லை. 333 என்று குத்தியிருப்பார்கள். ஆயிரம் பங்கில் அவ்வளவுதான் தங்கம், மிச்சமெல்லாம் வேறு உலோகம். நல்ல நகை என்று பெருமையாக எடுத்துக் காட்டுவதுகூட 585தான். அந்தக் காலத்து ஸ்டுட்கார்ட்டில் இருபத்திரண்டு கரட் கேட்டால், பல்லுக்குத் தங்கம் கட்டுகிற வைத்தியரிடம் போய்க் கேளுங்கள் என்பாள் கடைக்காரி.

ஆகவே என் தம்பிக்குக் கல்யாணம் பேசி முடிந்ததும், தாலிக்குப் பொன் லண்டனிலிருந்துதான் வரவேண்டும் என்று சொல்லிவிட்டேன். எழுபதுகளின் தொடக்கம் அது. என் கணவருக்குத் தொழிற்சாலையில் வேலை. தம்பி இங்கேயே படித்து எஞ்சினியராக இருந்தான். பெண் யாழ்ப்பாணத்திலிருந்து தனியாக வருவதாக ஏற்பாடு. பதிவுத் திருமணத்துக்கு டெர்மின், அதாவது நாளும் நேரமும், எடுத்தாயிற்று. ஆனால் பெண்ணின் தகப்பனார் கண்டிப்பாகச் சொல்லியனுப்பியிருந்தார்: "கையெழுத்து மட்டும் போதாது. முறையாப் பொன்னுருக்கித் தாலி கட்டவேணும். இல்லாட்டில் பிள்ளை அடுத்த பிளேனிலை திரும்பி வருவாள்."

பொன்னுருக்குவது என்றால், நல்ல நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் பொன்னைக் கொண்டுபோய், தங்கள் கண் முன்னாலேயே தாலிக்கு உருக்குவிப்பது. உருக்கிவிட்டால் கல்யாணம் உறுதி. அதற்குப் பிறகு தாலி கட்டும் வரை மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்க்கக்கூடாது.

நான் அதிகம் படித்தவளில்லை. இங்கிலீஷும் தெரியாது. ஆனால் இங்கிலாந்து நகையின் முத்திரை எனக்குத் தெரியும், ஏனென்றால் அது படம். ஒருமுறை லண்டனுக்குப் போயிருந்தபோது என் மச்சாள் காட்டித் தந்தாள். கிரீடம் என்றால் பொன். நடந்துபோகிற சிங்கம் என்றால் வெள்ளி. நங்கூரம் போட்டால் பேர்மிங்காம், சிறுத்தையின் தலை போட்டால் லண்டன். வருஷத்தைக் காட்ட ஓர் எழுத்தும் பக்கத்தில் இருக்கும். எழுத்துக்கும் எனக்கும் ஒத்துவராது, அதை விட்டுவிட்டேன்.

தம்பி கம்பெனி வேலையாக லண்டனுக்குப் போனபோது, "கிரீடம் பார்த்து வாங்கு" என்று சொல்லி அனுப்பினேன். பழைய நகை விற்கிற இடத்தில் ஒரு காப்பு வாங்கிவந்தான்.

"கிரீடம் இருக்கோ?"

"ஓம் அக்கா, வடிவாப் பார்த்துத்தான் வாங்கினனான்."

அதற்குமேல் நான் ஆராயவில்லை. தாலிக்கு வந்த பொன்னை ஆளாளுக்கு எடுத்துத் திருப்பிப் பார்ப்பதில்லை. மஞ்சள் துணியில் முடிந்து சுவாமிப் படத்தின் முன் வைத்தேன்.

எங்கள் தெருவின் முனையில் ஒரு வயதான ஜெர்மன் தட்டார் பட்டறை வைத்திருந்தார். நல்ல மனிதர். நல்ல நாள் பார்த்து நானும் கணவரும் தம்பியும் போனபோது, தன் மேசையில் தேங்காயையும் குத்துவிளக்கையும் வைக்கவிட்டார். கற்பூரத்தை மட்டும் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு காப்பை எடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் வைத்தவர், வைத்தபடியே இருந்தார்.

"சில்பர்" என்றார்.

வெள்ளியாம். மேலே பொன்முலாமாம். என் கணவர் கேட்டுக் கேட்டுத் தமிழில் சொன்னார்: "ஷெஃபீல்ட் எண்ட ஊரிலை வெள்ளிக்கும் கிரீடம் குத்துவினமாம். அது அந்த ஊரின்ரை அடையாளமாம். பொன்னெண்டால் கிரீடத்துக்குப் பக்கத்திலை இருபத்திரண்டு எண்டு நம்பர் இருக்குமாம். இதிலை நம்பர் இல்லை, சிங்கம்தான் நிக்குது."

"டேய், சிங்கம் நிண்டதோ?" என்றேன்.

"ஓம், நிண்டது. ராசாவும் காவலுமாச் சேர்ந்து வந்திருக்கினம், இன்னும் நல்லதாக்கும் எண்டு நினைச்சன்."

"சிங்கமெண்டால் வெள்ளியடா!"

"அதை நீங்கள் சொல்லேல்லையே! கிரீடம் கிரீடமெண்டுதானே சொன்னியள்."

"எஞ்சினியருக்கு எல்லாத்தையும் ஊட்டியோ விடவேணும்?"

"இஞ்சாரும், நல்ல நேரம் போகுது" என்றார் என் கணவர். "அக்காவும் தம்பியும் சண்டையைப் பிறகு வைச்சுக்கொள்ளுங்கோ."

தம்பியின் முகம் செத்துப்போயிற்று. பெண் சனிக்கிழமை வந்து இறங்குகிறாள். இன்றைக்கு விட்டால், டெர்மினுக்கு முன் வேறு நல்ல நாளில்லை. நான் யோசிக்கவில்லை, என் கையிலிருந்த காப்பில் ஒன்றைப் பிடித்து இழுத்தேன். அது வந்தால்தானே! உருளைக்கிழங்கும் வெண்ணெயும் தின்று கை அப்படிப் பருத்திருந்தது. தட்டார் சவர்க்காரம் போட்டுக் கழற்றித் தந்தார்.

அதிலும் முத்திரை தேடினார். உள்ளே பார்த்தார், வெளியே பார்த்தார், விளிம்பைப் பார்த்தார். ஒன்றுமில்லை. இதற்கு யார் பொறுப்பு என்று கேட்டார்.

"செய்த ஆசாரி என்ரை அம்மாவின்ரை கலியாணத்துக்கும் செய்தவர் எண்டு சொல்லுங்கோ" என்றேன். "அவருக்கு முத்திரை எதுக்கு? பிழை விட்டால் அடுத்த நாள் சந்தைக்கு வர ஏலாது."

என் கணவர் சொன்னதைக் கேட்டுத் தட்டார் சிரித்தார். ஆனாலும் விடவில்லை. கறுத்தக் கல்லில் உரைத்து, கோட்டின் மேல் அமிலம் தொட்டு வைத்தார். நாங்கள் மூன்று பேரும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். கோடு அழியவில்லை. வேறொரு புட்டியிலிருந்து மறுபடி வைத்தார். அப்போதும் அழியவில்லை. தலையை ஆட்டிவிட்டு, உருக்கும் கிண்ணத்தை எடுத்து வைத்து, கற்பூரத்தையும் ஏற்றச் சொன்னார்.

பொன் உருகி உருண்டு, உதிக்கிற சூரியன் போல நின்றது. தம்பி தட்டாரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

சனிக்கிழமை பிராங்பேர்ட் விமான நிலையத்துக்கு நானும் கணவரும் போனோம். கம்பளிச் சட்டைக்குள் ஒரு சின்னப் பெண் வந்தாள். எங்களைப் பார்த்தாள், எங்களுக்குப் பின்னால் பார்த்தாள், முகம் வாடிவிட்டது.

"அவர் வரேல்லையோ?"

"வரக்கூடாது பிள்ளை. பொன்னுருக்கியாச்சு."

அவள் கைப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"மச்சாள், நான் திரும்பிப்போறதுக்கும் எங்கடை ஐயா டிக்கெட் எடுத்துத் தந்தவர். அதை இனி ஆருக்குக் குடுப்பம்?"