தலவாக்கலை மேட்டில் விக்கிய கார்

வாங்க, சுகமா இருக்கீங்களா? அக்கரப்பத்தனைப் பக்கத்திலிருந்து குடியுரிமை விசாரணைக்கு நுவரெலியா வரப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். விசாரணை நடக்கிற கந்தோர் விறாந்தையில், பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு விசாரணை இன்று பத்து மணிக்கு. பேர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் விண்ணப்பக் கோப்பையே மூடிவிடுவார்களாம்.

காலை ஆறரைக்குக் காதர் நானாவின் பழைய வாடகைக் காரில் கிளம்பினோம், நானும் என் மனைவி முத்தம்மாவும். போகவர இருபது ரூபாய். போன வாரம் மழையில் இந்தக் கார் நின்றுவிட்டதாம். அதனால் கிளம்புமுன், தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் ஈயத்தாளைப் பிளக் வயர்களில் நான் சுற்றிவிட்டேன். கப்பலேறிப் போகும் தேயிலையே அதற்குள் நனையாது, வயர் நனையுமா? நானாவும் “மூளைக்காரன்டா மருதை” என்றார்.

தலவாக்கலை தாண்டி மேட்டில் ஏறும்போது, எட்டு இருபதுக்கு, இன்ஜின் விக்கியது. அப்புறம் நொண்டியது. ஒரு பக்கம் பள்ளம், முன்னால் பனி. நுவரெலியாவுக்கு இன்னும் பத்து மைலுக்கு மேல். வந்த ஒரே பஸ்ஸும் ஆள் நிரம்பி நிற்காமல் போய்விட்டது.

நானா இன்ஜினை ஓடவிட்டு, உலர்ந்த துணியால் பிடித்து வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒன்றைக் கழற்றினால் சத்தம் இன்னும் தடுமாறும், மாட்டினால் தேறும். மூன்றாவதைக் கழற்றியபோது ஒரு மாற்றமும் இல்லை.

“இதுதான் வேலை செய்யாத ஆளு.”

புதுப் பிளக் போட்டார். அப்படியேதான் நொண்டியது. மணி எட்டே முக்கால்.

“தங்கச்சி, அந்தக் கம்பளியக் குடு.”

முத்தம்மா கொழுந்து பறிக்கப் போகும்போது போட்டுக்கொள்கிற கம்பளி. இருபத்தெட்டு வருச மழையைப் பார்த்தது. அதை எங்கள் தலைக்கு மேலே கூடாரமாகப் பிடித்து இருட்டாக்கி எட்டிப் பார்த்தோம். மூன்றாவது வயரின் ஈயத்தாளிலிருந்து நீலமாக ஒரு பொறி, டிக் டிக்கென்று இன்ஜின் உடம்புக்குத் தாவிக்கொண்டிருந்தது. தாளுக்கடியில் ரப்பர் வெடித்திருக்கிறது. பிளக்குக்குப் போக வேண்டிய கரண்டு ஈயத்தில் இறங்கி வீணாகிறது.

“மருதை, நீ வயருக்குச் சட்டை போடல. கரண்டு ஓடிப்போக ரோடு போட்டிருக்க!”

“நீங்கதானே நானா மூளைக்காரன்னீங்க?”

“அது காலையில.”

முத்தம்மா சிரிக்கவில்லை. “ரெண்டு மூளையும் சேந்து நம்ம பேர அழிச்சிராம பாத்துக்கங்க.”

தாளைக் கிழித்து, வயரைத் துடைத்து, சைக்கிள் டியூப்பை வெட்டி இறுக்கிச் சுற்றினார் நானா. எட்டு ஐம்பத்தைந்துக்கு நாலு சிலிண்டரும் ஒரே குரலில் பேசின. ஒன்பது நாற்பதுக்கு இங்கே வந்து இறங்கினோம். இப்போது பத்தே கால்.

ஆகவே, ஐந்து மணிக்கே கிளம்புங்கள். ஈயத்தாள் தேயிலைக்கு மட்டும். வயரில் சந்தேகமிருந்தால் கம்பளி மூடிப் பாருங்கள். பிறப்புப் பத்திரத்தைத் தகரப்பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள், பேர் கூப்பிடும் நேரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது. உள்ளே போனதும் முதலில்

“இந்தாங்க, எழுதுனது போதும்! ஒங்க பேரத்தான் கூப்புடுறாங்க, எந்திரிங்க!” என்கிறாள் முத்தம்மா.

எழுந்துவிட்டேன். மீதியை வெளியே வந்து எழுதுகிறேன்.