அஷ்டமியில் வைத்த நாடகம்

பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது. கிருமாம்பாக்கத்தில் நாடகக் குழு நடத்திய வருடங்களில், இருந்த கொஞ்சநஞ்சமும் போயிற்று. நன்கொடையை நம்பிக் கொட்டகை நடத்த முடியாது, குழு தன் காலில் நிற்க வேண்டும் என்று கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டுப் பேசினோம். கடைசியில் நான்தான் யோசனை சொன்னேன்: நாடகம் இல்லாத நாட்களில் நம் விளக்குகளையும் ஜெனரேட்டரையும் விசேஷங்களுக்கு வாடகைக்கு விடலாம்.

யோசனை பலித்தது. ரொம்பவே பலித்துவிட்டது. கொட்டகை வாடகையும் கரண்ட் பில்லும் தடையில்லாமல் கட்டினோம். ஆனால் முகூர்த்த நாள் என்றால் விளக்கு பாகூரில் இருக்கும், இல்லாவிட்டால் பூரணாங்குப்பத்தில். ஆடி பிறந்தால் கோயில்களில். எங்கள் நடிகர்கள் வசனத்தை மறந்து ஒயர் இழுக்கக் கற்றுக்கொண்டார்கள். புது நாடகத்தைத் தள்ளி வைத்தோம், மறுபடியும் தள்ளி வைத்தோம்.

அந்த நாடகத்தில் முக்கிய வேஷம், தன் பங்கு நிலத்தைக் கேட்டு அண்ணன்களை எதிர்த்து நிற்கிற தங்கை. அந்த வேஷத்தை எடுத்திருந்தவள் மருந்துக் கடையில் வேலை பார்க்கும் பெண். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, மாப்பிள்ளைக்குத் திருவண்ணாமலைப் பக்கம். அவள் இதுவரை மேடையேறியதே இல்லை. "போறதுக்குள்ள ஒரே ஒரு வாட்டி போட்டுடலாம்கா" என்று அவள் கேட்கும்போதெல்லாம், அடுத்த மாதம் கட்டாயம் என்பேன்.

தினசரி காலண்டரைப் புரட்டிப் புரட்டி, அஷ்டமியில் தேதி வைத்தேன். அன்றைக்கு எவனும் தாலி கட்ட மாட்டான், புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டான். விளக்கு கொட்டகையிலேயே கிடக்கும். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். சாவு என்ற ஒன்று இருப்பது மட்டும் தோன்றவில்லை.

நாடகத்தன்று மதியம் மணப்பட்டிலிருந்து ஆள் வந்தது. கடலுக்குப் போகிற குடும்பம். பெரியவர் தவறிவிட்டார், மகன் வெளிநாட்டிலிருந்து வந்து சேர விடிந்துவிடும். ராத்திரி முழுக்க வெளிச்சம் வேண்டும். கல்யாண வீட்டுக்கு இல்லை என்று சொல்லலாம், சாவு வீட்டுக்கு எப்படிச் சொல்வது? விளக்குகளை வண்டியேற்றி அனுப்பிவிட்டு, யார் மேல் என்று தெரியாத கோபத்தில் கொட்டகைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன்.

"வெளிச்சம் இருக்கசொல்லவே போட்டுடலாம்கா, நாலு மணிக்கு" என்றாள் மருந்துக் கடைப் பெண்.

நாலு மணிக்கு யார் வருவார்கள் என்று எரிந்து விழுந்தேன். ஆனாலும் ஆட்டோவில் மைக் கட்டித் தெருத்தெருவாகச் சொல்ல வைத்தோம். வந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். நூறு நாள் வேலை முடிந்தவர்கள், மீன் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு வந்தவர்கள். ராத்திரி நாடகம் என்றால் உலை வைக்க வேண்டும், வீட்டிலும் விட மாட்டார்கள், இதுதான் தோதான நேரம் என்றார்கள். இத்தனை வருடம் இவர்களிடம் நாங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று ஆத்திரமாக வந்தது. ராத்திரி விளக்கு சம்பாதிக்கட்டும், சாயங்காலம் நாம் நடிப்போம். கொட்டகை நிலைக்க வேறென்ன வழி வேண்டும்?

மேடையில் அவள் அண்ணன்களைப் பார்த்துப் பங்கைக் கேட்டு நின்றபோது, முன்னால் இருந்தவர்கள் கூடைகளைத் தள்ளிவிட்டு இன்னும் நெருங்கி உட்கார்ந்தார்கள். சில பேர் செல்போனில் படம் பிடித்தார்கள். முடிந்ததும் ஒரு பெண் வந்து, நாளைக்கும் உண்டா என்று கேட்டாள். நான் யாரையும் கலக்காமல் உண்டு என்றேன்.

தங்கையாக நடித்தவள் என்னைத் தனியாக இழுத்தாள். "நாளைக்கு அவரு வராருக்கா, முகூர்த்தப் பொடவைக்கு ஜாக்கெட் தைக்கக் குடுக்கப் போவணும்." பிறகு அவளே, "காலைலதான். நாலு மணிக்கு வந்துடறேன்" என்றாள்.

மறுநாள் இருப்புக் கொள்ளாமல் மூன்று மணிக்கே போய்விட்டேன். பெண்கள் நேற்றைவிட அதிகமாக வந்து, பக்கத்து வீட்டுக்காரிகளையும் கூட்டிவந்திருந்தார்கள். நாலரை ஆகியும் அவளைக் காணோம். போன் அடித்தேன். எடுத்தது அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவர். நேற்றுக் கூட்டத்தில் யாரோ எடுத்த வீடியோவைப் பார்த்தாராம். மரியாதையாகத்தான் பேசினார்.

"அவங்க இனிமே வர மாட்டாங்க மேடம். கல்யாணத்துக்கு லைட்டு மட்டும் உங்களுதே போட்டுக்கறோம்."