வெட்டினால் குணமாக்கும் வாள்

மும்பையில் உட்கார்ந்து தமிழில் நாவல் எழுதுவதில் சிரமமில்லை, அதைப் படிக்க ஆள் பிடிப்பதுதான் சிரமம் என்று எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். என் நாயகி கொற்றி ஒரு போர்வீராங்கனை. அவள் வாளால் யாரை வெட்டினாலும் காயம் உடனே ஆறி, இருந்த நோயும் தீர்ந்துவிடும். கேட்டு வாங்கிய வரமல்ல. தொலைந்தால் போதும் என்று அலைகிறாள். என் பதினைந்து வயது மகள் நிவேதா படிக்கட்டும் என்றுதான் எழுதினேன். பதிப்பகத்துக்கு அனுப்புமுன் மூன்று பிரதி எடுத்தேன்.

முழங்கால்

முதல் பிரதி மாட்டுங்காவில் இருக்கும் என் பழைய மேலதிகாரி விசுவநாதனுக்கு. நிறையப் படித்தவர், நடையைப் பற்றி நாலு வார்த்தை சொல்வார் என்று நம்பிப் போனேன். காபி கொடுத்தார். பிறகு வேட்டியை விலக்கிக் காலை நீட்டினார்.

"அந்தப் பொண்ணை இங்க ஒரு வெட்டு வெட்டச் சொல்லுங்கோ. மாடி ஏறினா உயிர் போறது."

ஓட்டை

இரண்டாவது, தாராவியில் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கும் ஜெபராஜுக்கு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் தையல்காரர்களுக்கும் வாசித்துக் காட்டியிருக்கிறார். எல்லாருக்கும் பிடித்ததாம். ஒரே ஒரு சந்தேகமாம்.

"எதிரிய வெட்டுனா அவனுக்குச் சொகமாயிருதுல்லா அண்ணாச்சி. பொறவு அடிபட்டுக் கெடக்குற நம்ம ஆளுவள அவ ஏன் வெட்டல?"

பென்சில்

இருநூறு பக்கம் எழுதிய எனக்கு இது தோன்றவே இல்லை. முனிவர் வந்து வரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கடைசி அத்தியாயத்தைக் கிழித்தேன். கொற்றி தன் பாசறைக்குள்ளேயே வாளோடு நுழைவதாக எழுதி, நிவேதாவுக்குக் கொடுத்திருந்த மூன்றாவது பிரதியிலும் புதுத் தாள்களைச் செருகினேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தமிழ் பேச வரும், எழுத்துக் கூட்டினால் தலை வலிக்கும் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். எனக்கு வருத்தம்தான்.

இரண்டு மாதம் கழித்து அவளுடைய டியூஷன் நோட்டுகளுக்கு அடியிலிருந்து அந்தப் பிரதியை உருவினேன். முதல் அத்தியாயத்தில் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லின் தலையிலும் பென்சிலால் இந்தி எழுத்தில் உச்சரிப்பு. ஐந்தாவதில் கடினமான சொற்களுக்கு மட்டும். புதிய கடைசி அத்தியாயத்தில் ஒன்றுமே இல்லை. ஓரங்களில் விரல் அழுக்கு மட்டும் இருந்தது. பென்சில் கடைசித் தாளுக்குள் கிடந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல், கடைசியில் ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். மொபைலிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"பென்சில் தொலஞ்சு போச்சுப்பா."

கேட்காத வரத்தோடு அலைகிற வீராங்கனை என் வீட்டிலும் ஒருத்தி இருக்கிறாள், அவள் தொலைத்த பென்சில் என் சட்டைப் பையில் இருக்கிறது.