ஐந்துக்கும் டிக்

நான் நோட்டுத் திருத்திய விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் வாசிப்பு நோட்டுகளை அந்த வாரத்துப் பக்கத்தில் திறந்து, திறந்தபடியே ஒன்றின் மேல் ஒன்றாக என் மேசையில் அடுக்கிவிடுவார்கள். நான் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருப்பேன். வகுப்புத் தலைவி பக்கத்தில் நிற்பாள். டிக், சுருக்கொப்பம், தேதி. அவள் மேல் நோட்டை இழுத்துவிடுவாள். அடுத்தது. டிக், சுருக்கொப்பம், தேதி. கை பழகிவிட்டால் கண் தேவைப்படாது. சித்தேரி மலைமேல் மேகம் ஏறுவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே ஒரு வகுப்பு முழுவதையும் கடந்துவிடுவேன். மணி அடித்ததும் மொரப்பூர் பஸ்.

அந்த பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தால் கவிதை எழுதுவேன். எழுதியதை ஏதாவது பத்திரிகைக்கு அனுப்புவேன். அனுப்பிய பிறகு ஒரு நாளைக்கு இருபது தடவை போனைத் திறந்து பார்ப்பேன். போட வேண்டாம், படித்தோம் என்று மட்டுமாவது சொல்லக்கூடாதா என்று, முகம் தெரியாத பத்திரிகை ஆசிரியர்களிடம் மனசுக்குள் மன்றாடுவேன். மன்றாடிய அந்தக் கையில்தான் சிவப்பு மை காயாமல் இருந்தது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

போன அரையாண்டு விடுமுறைக்கு முந்தின நாள், ஆசிரியர் அறை அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தோம். பழைய நோட்டுகளைக் கட்டிப் போட வேண்டும். கட்டுக்குள் போகாமல் ஒன்று நழுவி விழுந்தது. பழுப்பு அட்டை, நுனி மடங்கியது. நாலு வருஷத்துக்கு முந்தைய வகுப்புத் தலைவியின் நோட்டு. மேலே சித்தேரியிலிருந்து வந்து, இங்கே விடுதியில் தங்கிப் படித்த பெண். வெள்ளிக்கிழமைகளில் என் பக்கத்தில் நின்று நோட்டு இழுத்தவள் அவள்தான். சும்மாதான் புரட்டினேன்.

முதல் பக்கத்தில் ஒரு கதைப் புத்தகத்தைப் பற்றி எழுதியிருந்தாள். அம்மாவைத் தேடி ஒரு சிறுமி ஊர் ஊராக நடக்கிறாள். ஆற்றைக் கடக்கிறாள். நீலக் கதவு போட்ட வீட்டைக் கண்டுபிடித்துத் தட்டுகிறாள். உள்ளே யாரோ தாழ்ப்பாளை நீக்கும் சத்தம் கேட்கிறது. “இதற்கு மேல் பக்கங்கள் இல்லை டீச்சர், கிழிந்துவிட்டது. கதவைத் திறந்தது யார்?” என்று முடித்திருந்தாள்.

கீழே என் டிக்.

அடுத்த வாரம் அவள் வேறு புத்தகம் எடுத்திருக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு புத்தகம் என்பது நான் போட்ட சட்டம். எடுத்தாளா என்று நான் கேட்கவில்லை. அவள் எடுக்கவுமில்லை. அந்தக் கதைக்குத் தானே ஒரு முடிவு எழுதியிருந்தாள். கதவைத் திறந்தது அம்மா. டிக். அதற்கடுத்த வாரம் இன்னொரு முடிவு. திறந்தது வேறு யாரோ, அம்மா அந்த வீட்டைக் காலி செய்து ரொம்ப நாளாயிற்று. டிக். மூன்றாவதில், தாழ்ப்பாள் சத்தம் வந்தது பக்கத்து வீட்டிலிருந்து, இந்தக் கதவில் பூட்டு தொங்குகிறது. டிக். நாலாவது. டிக். ஐந்தாவதில் அந்தச் சிறுமி கதவு திறப்பதற்குள் ஓடிவிடுகிறாள். அதற்கு அடியில் சின்ன எழுத்தில் இரண்டு வரி.

“இந்த அஞ்சுல எது சரி டீச்சர்? நம்பர் மட்டும் போட்டாப் போதும்.”

அதன் மேலேயே என் டிக் ஏறியிருந்தது. சுருக்கொப்பம். தேதி. அதற்குப் பிறகு நோட்டில் எல்லாம் வெள்ளைப் பக்கங்கள். அவள் அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளவே இல்லை போலிருக்கிறது.

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கணக்கு டீச்சர் எட்டிப் பார்த்தார்.

“என்னங்க டீச்சர், பழைய நோட்டுக்கு இப்பப் போயி மார்க் போடறீங்களா?”

“இந்தப் புள்ள இப்ப எங்க இருக்குதுன்னு தெரியுங்களா?”

“யாரு, அந்த சித்தேரிப் புள்ளயா? பாப்பிரெட்டிப்பட்டியில செராக்ஸ் கடையில நிக்குது. போன வாரங்கூட ஆதார் காப்பி எடுத்தனே. நல்லாப் பேசும்.”

அவளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல முடியாது. மாணவர் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றியது நான்தான். அம்மா பெங்களூருப் பக்கம் கட்டட வேலைக்குப் போனவர், திரும்பவில்லை. அம்மாவின் போன் நம்பர் இருக்க வேண்டிய கட்டத்தைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போக மறுத்தது. அப்பாவின் நம்பரையே இரண்டு இடத்திலும் போட்டுக் கடந்தேன். கட்டங்களை நான் ஒருநாளும் காலியாக விட்டதில்லை.

அன்று சாயங்காலம் பள்ளி நூலகத்தில் அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். பிள்ளைகளுக்கு நானே எடுத்து நீட்டிய புத்தகம்தான். அதுவரை நான் படித்ததில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரே மூச்சில் படித்தேன். நீலக் கதவு, தாழ்ப்பாள் சத்தம், அப்புறம் கிழிந்த விளிம்பு. நானும் வாசலிலேயே நின்றேன். எழுதியவர் பெயர் அட்டையோடு போயிருந்தது. யாரைக் கேட்பது? பிள்ளைகளிடம் எழுதிக்கொண்டு வா என்பது அவர்களிடம் ஒன்றைக் கேட்பது. கேட்டுவிட்டு, அவர்கள் பதில் சொல்ல வாயெடுக்கும்போது எழுந்து போய்விடுகிற மாதிரிதான் நான் இத்தனை வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. தப்பு என்று கோடு அடித்திருந்தாலும் படித்தேன் என்றாவது ஆகியிருக்கும்.

விடுமுறையின் முதல் திங்கட்கிழமை, நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் பாப்பிரெட்டிப்பட்டி போனேன். கடையில் அவள் மட்டும் இருந்தாள். உயர்ந்துவிட்டாள். இயந்திரத்தின் மூடியைத் தூக்கியபடி நிமிர்ந்து பார்த்தாள்.

“வாங்க டீச்சர். லீவுலயும் ஆள் புடிக்கக் கெளம்பிட்டீங்களா? நான் பன்னண்டு முடிச்சுட்டேங்க. அட்மிசனுக்கு ஆவ மாட்டேன்.”

“ஒன்னப் பாக்கத்தான் கண்ணு வந்தேன்.” நோட்டை மேசைமேல் வைத்தேன்.

அட்டையைப் பார்த்ததும் அவள் சிரிப்பு மெல்லக் குறைந்தது. திறக்கவில்லை. உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டாள்.

“இது இன்னும் இருக்குதுங்களா?”

“இப்பத்தான் படிச்சேன்.”

“இப்பவா?” அட்டையின் மடங்கிய நுனியை விரலால் நிமிர்த்தினாள். “நோட்டெல்லாம் நான்தான இழுப்பேன். என் நோட்டு வர்றப்ப மட்டும் மெதுவா இழுப்பேங்க. ஒரு தடவ நீங்க, என்னடி தூங்கறயா, இழுன்னு திட்டுனீங்க. ஞாபகம் இருக்குதுங்களா?”

இல்லை. அது எனக்கு ஞாபகம் இல்லை. அதையும் அவளிடம் சொன்னேன்.

“பரவால்லீங்க. அஞ்சுக்கும் டிக் போட்டிருந்தீங்க. சரி, அஞ்சுமே கரெக்ட்டுதான்னு நானே வெச்சுக்கிட்டேன். விடுதியில புள்ளைங்ககிட்டகூட அப்படித்தான் சொன்னேன். டீச்சரே டிக் போட்டுட்டாங்கன்னு.” சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை. “நெசமா யாரு டீச்சர் தொறந்தது?”

“தெரியல கண்ணு. நானும் அந்தப் புக்க அப்பப் படிக்கல. இப்பப் படிச்சேன். எனக்கும் அதோட நின்னுபோச்சு.”

“நல்லா இருக்குது போங்க. நீங்களே படிக்காத புக்கயா எங்களப் படிக்கச் சொன்னீங்க?”

“ஆமா.”

அவள் இந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. நோட்டைத் திறந்து ஒவ்வொரு பக்கமாகத் தள்ளினாள், தன் எழுத்தை வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டு.

“சரி, அத வுடுங்க. இந்த அஞ்சுல ஒங்களுக்கு எது?”

“நாலு.”

யோசிக்காமல் சொன்னேன். இரண்டு ராத்திரி வைத்திருந்த பதில் அது.

“ஏன்?”

“அம்மா கதவத் தொறக்கறா. யாரும்மா நீன்னு கேக்கறா. இந்தப் புள்ள தண்ணி வேணும்னு மட்டும் சொல்லுது. குடிச்சிட்டுத் திரும்பி நடக்குது. சொம்ப ரெண்டு கையாலயும் புடிச்சிருந்துச்சுன்னு எழுதியிருக்க. எதுக்கு ரெண்டு கைன்னு நெனச்சிட்டே வண்டி ஓட்டிட்டு வந்தேன்.”

அவள் அந்த வரியைத் தேடி, விரலை வைத்துப் படித்தாள். உதடு மட்டும் அசைந்தது.

“அம்மா கை பட்ட எடம் சொம்புல எதுன்னு தெரியாதில்லீங்க,” என்றாள். “அதான் முழுசாப் புடிச்சிருக்கும்.”

ஒன்பதாம் வகுப்பில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அந்த வெள்ளிக்கிழமை அவள் எனக்கு மிக அருகில், கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருந்தாள். கேட்டிருந்தால் ஆறாவது முடிவு எழுதியிருப்பாளா, அந்த வெள்ளைப் பக்கங்கள் நிறைந்திருக்குமா? தெரியாது. இப்போதெல்லாம் நோட்டுகளைத் திறந்து அடுக்கச் சொல்வதில்லை. மூடித்தான் வைக்கச் சொல்கிறேன். நானே திறக்கிறேன். ஒரு நாளைக்கு ஐந்தாறுக்கு மேல் முடிவதில்லை. டிக் போடும் இடத்தில் ஒரு கேள்வி எழுதுகிறேன். மறுநாள் அதற்குப் பதில் எழுதியிருக்கிறார்களா என்று பார்க்கிறேன். சில பிள்ளைகள் பதிலுக்கு என்னையே கேள்வி கேட்டு வைக்கிறார்கள். அந்தக் கையெழுத்துகளுக்கு நடுவில் நான் தேடுகிற கையெழுத்து மட்டும் வராது.

அன்று கடையில், பட்டா நகல் எடுக்க ஒருவர் வந்து நின்றார். “ஒரு நிமிசங்க,” என்று அவரிடம் சொல்லிவிட்டு, அவள் நாலாவது முடிவின் பக்கத்தைக் கண்ணாடிமேல் கவிழ்த்து மூடியை அழுத்தினாள். வெளிச்சம் ஓடியது. சூடாக வந்த தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். நோட்டை என்னிடம் நீட்டினாள்.

“ஒன் நோட்டுதான கண்ணு, வெச்சுக்க.”

“வேண்டாங்க. டிக் போட்டது நீங்கதான. நீங்களே வெச்சிருங்க.”

பட்டாக்காரர் தாளை நீட்ட, அவள் அவர் பக்கம் திரும்பினாள். நான் நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினேன்.