இரண்டு கம்பெனிக் கண்ணாடிகள்

கார்களுக்குப் பக்கக் கண்ணாடி மாட்டித் தரும் கடைக்காரரை எல்லாரும் ‘கண்ணாடியார்’ என்றார்கள். அவர் எந்தக் காரையும் முகத்தைப் பார்த்து அடையாளம் கண்டதில்லை, காதைப் பார்த்துத்தான்; பக்கக் கண்ணாடிக்கு அவர் வைத்த பெயர் காது. ஒரு கம்பெனி காதைக் கதவில் தண்டு வைத்து நிறுத்தும்; இன்னொன்று ஜன்னல் மூலையில் ஒட்டவைக்கும். ஒன்றின் கண்ணாடி தட்டை: உள்ளதை உள்ளபடி காட்டும், கொஞ்சமாகக் காட்டும். மற்றது குவிந்தது: தெருவையே காட்டும், எல்லாவற்றையும் தூரத்தில் தள்ளிவிடும். பின்னால் வருவதைப் பற்றி இத்தனை கொள்கைகள் தேவையா என்று கேட்டால் அவருக்குக் கோபம் வரும்.

அவருடைய காரில் இருந்தவை கடையில் மிஞ்சியவை. வலப்பக்கம் தட்டை, இடப்பக்கம் குவிந்தது. பின் சீட்டுக்குப் பின்னால் சரக்குப் பெட்டிகள் கூரைவரை அடைத்திருந்ததால் உள்கண்ணாடியில் எதுவும் தெரியாது.

மகளின் பதிவுத் திருமணத்தன்றும் அப்படியேதான். பதிவு அலுவலகம் மதியத்தோடு மூடிவிடும். வழி தெரியாத சம்பந்தி, மாப்பிள்ளையோடு வெள்ளைக் காரில் பின்தொடர்வதாக ஏற்பாடு.

“ஏங்க, சம்பந்தி ரொம்பப் பின்தங்கிட்டாரு. மெதுவா போங்க,” என்றார் மனைவி. தலை வாரத் தன் பக்கம் திருப்பியிருந்த இடக் கண்ணாடியில் அவருக்கு வெள்ளைக் கார் எங்கோ தூரத்தில் தெரிந்தது.

“நீ வேற! முதுகுல ஏறிடுவாரு போலிருக்கு,” என்று வலக் கண்ணாடியைப் பார்த்து அவர் காரை விரட்டினார்.

மனைவி சொன்னால் ஊர்வதும், தன் கண்ணாடி சொன்னால் பறப்பதுமாகப் போனார்கள். பின்னால் ஹார்ன் ஓயவில்லை.

“அப்பா, அது அவங்க கார்தானா?” என்றாள் பின் சீட்டிலிருந்த மகள்.

“அந்தக் காது போதும்மா எனக்கு.”

அலுவலக வாசலில் வெள்ளைக் காரிலிருந்து இறங்கியவர் சம்பந்தி இல்லை.

“என்னங்க இது, உங்களை நிறுத்தத்தான் ஹார்ன் அடிச்சுக்கிட்டே வர்றேன், ஓடுறீங்க, நிக்கிறீங்க, மறுபடி ஓடுறீங்க! போன மாசம் நீங்க மாட்டுன கண்ணாடி ஆட்டம் தாங்கல. அது என் கார் கம்பெனிக் கண்ணாடியே இல்லையாமே!”

கண்ணாடியார் காதைப் பார்த்தார். சம்பந்தி கார் கம்பெனியின் காதுதான். அதை இதில் மாட்டியவர் அவரேதான்.

“மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வரச் சொன்னா வாடிக்கைக்காரரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க,” என்றார் மனைவி.

“முதல் சிக்னல்லயே விட்டுட்டு வந்துட்டோமாம். அங்கேயே நிக்கிறாங்க,” என்றாள் மகள், போனைக் காதிலிருந்து எடுக்காமல்.

உள்ளே ஓர் ஊழியர் ஜன்னல்களைச் சாத்தத் தொடங்கினார். காருக்கு ஓடிய கண்ணாடியாரின் கையிலிருந்து மனைவி சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

“அண்ணே, சண்டையை அப்புறம் போடுங்க. இவரை நம்பினா என் பொண்ணு கல்யாணம் நின்னுடும். உங்க கார்ல போய் அவங்களைக் கூட்டிட்டு வருவோம்.”

“இந்தக் கண்ணாடியை வச்சுக்கிட்டா? பின்னாடி வர்றது ஒண்ணுமே தெரியாதே!”

“நான் திரும்பி உக்காந்துக்கறேன். நீங்க ஓட்டுங்க.”

ஒரே ஒரு ஜன்னல் மட்டும் திறந்திருந்தபோது அந்தக் கார் திரும்பி வந்தது. பின் சீட்டில் முழங்காலிட்டு, வந்த வழியையே பார்த்தபடி மனைவி. பின்னால் இன்னொரு வெள்ளைக் கார், அதே காதுகளோடு.

கண்ணாடியார் காதைப் பார்க்கவில்லை. குனிந்து, இரண்டாவது காருக்குள் தலையை நீட்டி, உள்ளே இருந்தவர் முகத்தை நெடுநேரம் பார்த்தார்.

“நான்தான் மாமா,” என்றார் மாப்பிள்ளை. “இறங்கலாமா?”